கரிசல் சேற்றில் ஃபோர் வீல் பிக்கப்: நம்பகம் என்று எதைச் சொல்கிறோம்?

பிக்கப் வண்டிகளைப் பற்றித் தமிழிலும் இங்கிலீஷிலும் வருகிற ரிவ்யூக்களை ஒரு மாதமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெம்பக்கோட்டை பக்கம் கொஞ்சம் கரிசல் நிலமும், பட்டாசு ஆலைகளுக்குக் காகிதக் குழாய், அட்டைப்பெட்டி கொண்டுபோய் இறக்குகிற தொழிலும் வைத்திருக்கும் சித்தப்பா ஒருவர், "ஃபோர் வீல் பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன், எதை நம்பி எடுக்கலாம்?"னு கேட்டார். அவர் மனதில் இருந்தவை மூன்று: டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், மஹிந்திரா பொலிரோ கேம்பரின் ஃபோர் வீல் மாடல்.

கேள்வியில் முக்கியமான சொல் 'நம்பி'. நான் பார்த்த ரிவ்யூக்களில் ஒன்றுகூட அந்தச் சொல்லைச் சரியாகத் தொடவில்லை. கல்குவாரியில் ஒரு சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள், ஆற்று மணலில் வட்டம் அடிக்கிறார்கள், முழங்கால் தண்ணீரில் இறக்கி ஏற்றுகிறார்கள், கடைசியில் "செம கெத்து வண்டி, நம்பி வாங்கலாம்" என்று முடிக்கிறார்கள். அரை மணி நேரம் புது வண்டியை ஓட்டிப் பார்த்தால் தெரிவது அதன் திறன். மூன்றாவது மழைக்காலத்தில் அதே வண்டி அதே வேலையைச் செய்யுமா என்பது நம்பகம். இரண்டும் வேற வேற விஷயம். ஒரு மென்பொருள் டெமோவில் ஓடியது என்பதற்காக யாரும் அதை வங்கியில் போட்டுவிட மாட்டார்கள். வண்டி விஷயத்தில் மட்டும் டெமோவே போதும் என்று ஆகிவிட்டது.

முதலில் இந்த ஊரின் 'ஆஃப்-ரோடு' என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏன்னா ரிவ்யூக்காரர்கள் காட்டுவது அது இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தார் ரோட்டை விட்டு இறங்குவது யாருக்கும் பொழுதுபோக்கு கிடையாது. பட்டாசு ஆலையை ஊருக்கு நடுவில் வைக்க முடியாது; குடியிருப்பிலிருந்து தள்ளி, அறைக்கு அறை இடைவெளி விட்டுத்தான் கட்ட வேண்டும். அதனால் பல ஆலைகள் பெரிய ரோட்டிலிருந்து பிரியும் மண் பாதையின் கடைசியில் இருக்கின்றன. அந்த மண் பாதை பெரும்பாலும் கரிசல். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்; சிமெண்ட் மாதிரி கெட்டி. எந்த டூ வீல் டிரைவ் பிக்கப்பும், ஏன், குட்டியானையும் போகும். ஐப்பசியில் ரெண்டு நாள் மழை பெய்தால் அதே பாதை கிரீஸ் டப்பா. இந்த மண்ணில் உள்ள களிமண் தாது தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தில் அது டயரின் பள்ளங்களை நிரப்பி ஒட்டிக்கொள்ளும். பத்து மீட்டர் போனதும் டயரில் பள்ளமே இருக்காது, வழுவழுப்பான உருளைதான் மிச்சம்.

இங்கேதான் ஃபோர் வீல் டிரைவ் பற்றிய முதல் மாயை உடைகிறது. ரோட்டுக்கான டயரோடு கரிசல் சேற்றில் இறங்கினால், ரெண்டு சக்கரம் சும்மா சுற்றுவதற்குப் பதிலாக நாலு சக்கரம் சும்மா சுற்றும். டிஃபரன்ஷியல் லாக் இல்லாத வண்டியில் நாலும் கூட இல்லை: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, எதற்குப் பிடிப்பு குறைவோ அதுதான் சுற்றும். கடைசியில் பக்கத்து வயலில் இருந்து டிராக்டர் வர வேண்டும். கரிசல் காட்டின் உண்மையான ஆஃப்-ரோடு வண்டி டிராக்டர்தான். நல்ல மட் டயர் போட்டு, காற்றை 35-லிருந்து 20-க்குக் குறைத்து ஓட்டினால் ஓரளவு தப்பிக்கலாம். டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். காற்றைக் குறைத்தால் தொடும் பரப்பு கூடும், புதைவது குறையும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொன்ன ரிவ்யூ ஒன்றே ஒன்று பார்த்தேன். அதுவும் ஆஸ்திரேலியாக்காரர் போட்டது. அங்கே இந்த வண்டிகளை 'யூட்' என்பார்கள். அந்த ஊர் மண் ரோடுகளில் வாழ்க்கையே இதில்தான் ஓடுகிறது, அதனால் பேச்சும் கொஞ்சம் பக்குவமாக இருக்கிறது.

இன்னொன்று சீமைக்கருவேல முள். இந்த மாவட்டத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கிய வண்டி நிற்பதற்கு முதல் காரணம் கியர்பாக்ஸோ சென்சாரோ இல்லை, பஞ்சர். டயரின் நடுப்பகுதியில் குத்தினால் ஒட்டலாம். பக்கச் சுவரில் குத்தினால் டயர் போச்சு. பொலிரோ வகைக்கு 15 இன்ச் டயர், சாத்தூரில் எந்தக் கடையிலும் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஹைலக்ஸும் வி-கிராஸும் 18 இன்ச் சக்கரத்தில் வருபவை. அந்த அளவு டயரை எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது. ஷோரூம் படத்தில் பெரிய சக்கரம் அழகாகத்தான் இருக்கும். கல்லும் முள்ளும் உள்ள பாதையில் பக்கச் சுவர் உயரமான சின்ன சக்கரம்தான் தாங்கும்.

சரி, நம்பகத்துக்கு வருவோம். எங்கள் தொழிலில் சர்வரைப் பற்றிப் பேசும்போது இரண்டு எண்களைப் பிரித்து வைப்போம். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே சராசரியாக எத்தனை நாள்? பழுதானால் மறுபடி ஓட எத்தனை நாள்? வெறும் கணக்குக்காக எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பழைய ஜீப் 30 நாளுக்கு ஒரு தடவை மக்கர் பண்ணுகிறது. அரை நாளில் சரியாகிவிடுகிறது. ஒரு புது பிக்கப் 600 நாளுக்கு ஒரு தடவைதான் நிற்கிறது. ஆனால் பார்ட்ஸ் வந்து சேர 12 நாள். முதலாவது வேலைக்குத் தயாராக இருக்கும் நேரம் 98.4 சதவீதம். இரண்டாவது 98 சதவீதம். இருபது மடங்கு குறைவாகப் பழுதாகும் வண்டி, மொத்தக் கணக்கில் ஒரு நூல் பின்தங்கி நிற்கிறது! அந்த 12 நாள் தீபாவளிக்கு முந்தின 12 நாளாக இருந்தால் சதவீதக் கணக்கெல்லாம் பேச்சுக்குக்கூட உதவாது.

இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ரெண்டு கட்சி உருவாகியிருக்கிறது. "டொயோட்டா சாகாது" கட்சி ஒன்று. "பழைய ஜீப் மாதிரி வருமா" கட்சி இன்னொன்று. முதல் கட்சி முதல் எண்ணை மட்டும் பார்க்கிறது, இரண்டாவது கட்சி இரண்டாவது எண்ணை மட்டும்.

முதல் கட்சியின் சாட்சிகளை எடுத்துக்கொள்வோம். 1987-ல் சாட் நாட்டுப் படைகள் டொயோட்டா பிக்கப்புகளில் போய் லிபிய டாங்கிகளை விரட்டியது. அதற்கு 'டொயோட்டா போர்' என்றே பெயர். அப்புறம் 2003-ல் பிரிட்டனின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் ஒரு ஹைலக்ஸைக் கடலில் மூழ்கடித்து, தீ வைத்து, இடிக்கப்போகும் கட்டடத்தின் மேல் ஏற்றி வைத்து இடித்த பிறகும் ஸ்டார்ட் செய்தது. இரண்டும் நடந்தவைதான். ஆனால் டாப் கியர் வண்டி 1988 மாடல். மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின், கம்ப்யூட்டர் கிடையாது, சைலன்சரில் வடிகட்டி கிடையாது. 2022-ல் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸில் இருப்பது 2.8 லிட்டர் காமன் ரயில் இன்ஜின், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் டார்க். பெயர் ஒன்று, உள்ளே ஒரு வரி விடாமல் புதிதாக எழுதப்பட்டது. மென்பொருளில் முதல் பதிப்புக்கு வாங்கின நல்ல பெயரை எட்டாவது பதிப்புக்கு யாரும் தரமாட்டோம். வி-கிராஸும் அப்படித்தான்: 2016-ல் வந்தபோது 2.5 லிட்டர் இன்ஜின், 2021-ல் பி.எஸ்.6 விதிக்காக வந்தது 1.9 லிட்டர். பழைய வி-கிராஸ்காரர் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினேன் என்று சொல்வது புது வி-கிராஸுக்குச் சாட்சி ஆகாது.

பெயரை நம்புவது எவ்வளவு தூரம் சரி என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. அக்டோபர் 2015-க்கும் ஏப்ரல் 2020-க்கும் இடையே அங்கே விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அவற்றின் புகை வடிகட்டி (டீசல் பர்ட்டிகுலேட் ஃபில்டர், சுருக்கமாக டி.பி.எஃப்.) அமைப்பில் குறை இருந்தது என்று 2022-ல் அங்குள்ள ஃபெடரல் கோர்ட் தீர்ப்பளித்தது. வெள்ளைப் புகை, நாற்றம், திரும்பத் திரும்ப ஒர்க்‌ஷாப். வண்டியின் மதிப்பு 17.5 சதவீதம் குறைந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். மேல்முறையீட்டில் 10 சதவீதம் ஆனது. 2024 நவம்பரில் அந்நாட்டு ஹை கோர்ட் மறுபடி கணக்கிடச் சொல்லித் திருப்பி அனுப்பியது. எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. டி.பி.எஃப். மெதுவாக ஓட்டினால்தான் அடைக்கும், ஹைவேயில் வேகமாகப் போனால் தானாகச் சுத்தமாகிவிடும் என்பது எல்லா மெக்கானிக்கும் சொல்கிற பாடம். இந்த வண்டிகளில் குறை வெளிவந்ததோ, தொடர்ந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினபோது! உலகத்திலேயே அதிகம் சோதனை செய்து வண்டி விற்கும் கம்பெனி என்று பெயர் எடுத்தவர்களே சாதாரண ஹைவே ஓட்டத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். 2020-ல் அதற்கு ஒரு தீர்வும் கொண்டுவந்தார்கள், அது வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு வந்தது அதற்குப் பிறகான வண்டி. ஆனால் 'டொயோட்டா, அதனால் கேள்வியே வேண்டாம்' என்கிற வாதம் அதோடு முடிந்தது.

டி.பி.எஃப். பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏன்னா இந்த ஊருக்கு அது வெறும் ரிப்பேர் செலவுப் பிரச்சினை மட்டும் இல்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு புது டீசல் பிக்கப் என்றால் கிட்டத்தட்ட டி.பி.எஃப்.-உம் சேர்ந்துதான். சைலன்சர் பாதையில் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் வடிகட்டி. கரித்தூள் அதில் தங்கும். கரி நிறைந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைச் செலுத்தி வடிகட்டியின் உள்ளே சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி அந்தக் கரியை எரித்துவிடும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். நல்ல யோசனைதான், நம் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் இது முடிய கால் மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓட வேண்டும். சிவகாசி வட்டார பிக்கப்பின் ஒரு நாள் எப்படி? அச்சகத்தில் இருந்து குடோன் 3 கிலோமீட்டர். இறக்கும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும். குடோனில் இருந்து ஆலை 8 கிலோமீட்டர், அதில் பாதி முதல் கியரில். எரிக்க ஆரம்பிக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். நாலைந்து முறை இப்படி ஆனால் எச்சரிக்கை விளக்கு, அதையும் கண்டுகொள்ளாவிட்டால் வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். உதிரி எதுவும் உடையவில்லை, ஆனால் வண்டி வேலைக்கு ஆகாது. 'நம்பகம்' பற்றிய எந்த சர்வேயில் இது எந்தக் கட்டத்தில் வரும்? ஜே.டி. பவர் மாதிரியான ஆரம்பத் தர ஆய்வுகள் முதல் 90 நாளில் வந்த குறைகளை எண்ணுபவை. கரி நிறைவதோ முள் குத்துவதோ அந்த 90 நாளுக்குக் கட்டுப்பட்டது இல்லை.

இனி சூட்டுக்கு வருகிறேன். பழைய இன்ஜினிலும் சைலன்சர் சூடாகத்தான் செய்யும். ஆனால் அந்தச் சூடு லோடோடு வரும், லோடோடு போகும்; மேடு ஏறினால் சூடு, நின்றால் ஆறும். டிரைவருக்குத் தெரியும். ரீஜெனரேஷன் சூடு வேற மாதிரி. எப்போது வரும் என்பதை டிரைவர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. வண்டி மெதுவாகப் போகும்போதும் வரலாம், எரிந்துகொண்டிருக்கும்போதே டிரைவர் காய்ந்த புல்லில் கொண்டுபோய் நிறுத்தலாம். காய்ந்த புல், காகிதம் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று இந்த வண்டிகளின் கையேடுகளே எச்சரிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்புகளை, அடிப்பக்கம் டி.பி.எஃப். அருகே புல் சேர்ந்து தீப்பிடிக்கலாம் என்பதற்காகவே திரும்ப அழைத்தார்கள். அங்கே வெறும் புல். இங்கே? வண்டி நிற்கும் இடத்தில் காகிதத் துண்டு, சணல் நூல், சில இடங்களில் தரையோடு கலந்த மருந்துத் தூள். கந்தகம் தானாகத் தீப்பற்றும் வெப்பம் 230 டிகிரி சொச்சம்தான். வடிகட்டியின் வெளி ஓட்டில் 600 டிகிரி இருக்காது, கவசத் தகடு இருக்கிறது, அதனால் வண்டி நின்றதும் வெடிக்கும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. வெடிபொருள் ஏற்றும் வண்டிகளுக்கென்று தனி விதிகளும் உண்டு. ஆனால் குழாயும் அட்டையும் இறக்க வருகிற சாதாரண பிக்கப் அந்த வகையில் வராது. அந்த வண்டியின் சைலன்சர் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 30-க்கும் மேற்பட்ட உயிர்கள். அதற்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த மாதிரி ஊரில் விற்கிற வண்டியைப் பற்றிப் பேசும்போது, அது தானாக எப்போது சூடேறும் என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாமா? ஒரு ரிவ்யூவிலும் இல்லை. சன்ரூஃப் இல்லையே என்ற வருத்தம் இருக்கிறது.

இதற்குக் குறுக்கு வழியாக வடிகட்டியைக் கழற்றிவிட்டு புரோகிராமை மாற்றித் தருகிறோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்ட விரோதம். அதைவிட, ஏற்கெனவே மருந்துத் தூளைச் சுவாசிக்கிற தொழிலாளியின் மூக்குக்கு நேராகக் கரியையும் விடுவது அயோக்கியத்தனம் என்பது என் கட்சி.

இப்போது இரண்டாவது கட்சி. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்கள் சொல்வார்கள், "இதில் எந்தப் புது வண்டி ஏறும்?" என்று. மஹிந்திரா மேஜர், கமாண்டர் வகை. கமான் பட்டை சஸ்பென்ஷன், கையால் போடும் ஃபோர் வீல் லீவர், மெக்கானிக்கல் பம்ப். இன்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் டீசலும் காற்றும் போதும், கரண்டே வேண்டாம். அந்த எளிமை உண்மை. ஆனால் இந்த வாதத்தில் இரண்டு ஓட்டை. நாம் பார்ப்பது இன்னும் ஓடுகிற ஜீப்புகளை மட்டும்தான். ஓடாதவை காயலான் கடையில் வெட்டுப்பட்டுவிட்டன, அவை பேசாது. இரண்டாவது, அந்த ஜீப்புகள் நிற்காமல் ஓடுவதில்லை. அடிக்கடி நிற்கின்றன. நின்ற இடத்திலேயே டிரைவர் சாவியும் கம்பியும் வைத்துச் சரிபண்ணுகிறார், முடியாவிட்டால் பின்னால் வருகிற ஜீப்காரர் கைகொடுக்கிறார், பூப்பாறையிலோ போடியிலோ பார்ட்ஸ் கிடைக்கிறது. அந்த நம்பகம் வண்டிக்குள் இல்லை, அந்த மலைப்பாதையைச் சுற்றியிருக்கிற ஆட்களிடம் இருக்கிறது. அதே ஜீப்பைத் தனியாக ஒருவர் வாங்கி வெம்பக்கோட்டையில் நிறுத்தினால் அவருக்குக் கிடைப்பது பிரேக் ஏர்பேக் எதுவும் ஒழுங்காக இல்லாத ஒரு பழைய வண்டி.

இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் பொலிரோ பிக்கப் ஏன் இந்த மாவட்டம் முழுக்க நிற்கிறது என்பது புரிகிறது. அதுவும் பி.எஸ்.6 வண்டிதான், அதிலும் சென்சார் உண்டு, புகை சுத்தம் செய்யும் சாமான் உண்டு. ஹைலக்ஸின் பொறியியலோடு அதை ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பட்டறையிலும் அதைக் கழற்றிப் பழகின கை இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது. ஒரு டன் ஏற்றினாலும் அது அதற்காகவே கட்டினது. மற்ற ரெண்டும் பின்னால் தொட்டி வைத்த குடும்ப வண்டிகள், சொந்த உபயோகத்துக்குப் பதிவானவற்றில் ஏற்ற அனுமதி உள்ள எடையும் குறைவு. சித்தப்பாவின் வேலைக்கு என் ஓட்டு கேம்பர் ஃபோர் வீல்தான், மட் டயர் செலவையும் விலையோடு சேர்த்து. மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர், லோடு குறைவு, மாதம் நாலு தடவை மதுரைக்கும் போகிறவர் என்றால் வி-கிராஸோ ஹைலக்ஸோ தாராளமாக எடுக்கலாம். அங்கே மண் செம்மண்ணும் சரளையும். அவருடைய ஹைவே ஓட்டமே டி.பி.எஃப்.-ஐப் பார்த்துக்கொள்ளும்.

எந்த வண்டி எடுத்தாலும் ஒரு விஷயம். இங்கே ஃபோர் வீல் தேவைப்படுவது வருஷத்தில் சில வாரம்தான். மீதி மாதங்கள் முன் ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சும்மா கிடக்கும். ஆயில் ஒரு பக்கம் வடிந்து, ஃபோர் வீலுக்கு மாற்றும் மோட்டார் இறுகி, மழை வந்த அன்றைக்கு டயலைத் திருப்பினால் விளக்கு மட்டும் மின்னும். டொயோட்டா கையேட்டிலேயே மாதம் 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்லியிருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் ஓட்டக்கூடாது, மண் பாதையில். உபயோகிக்காததால் கெட்டுப்போகும் சாமான் இது. பத்து வருஷமாக யாரும் சோதிக்காத பேக்கப் மாதிரி. அதேபோல டெலிவரி எடுக்கும் முன் ஷோரூமில் கேட்க வேண்டியது: ரீஜெனரேஷன் நடப்பதை டேஷ்போர்டில் காட்டுமா, கையால் தொடங்க ஸ்விட்ச் இருக்கிறதா? ஹைலக்ஸுக்கு அந்த ஸ்விட்சை ஆஸ்திரேலியாவில் 2018-ல் கொடுத்தார்கள். காட்டுகிற வண்டி என்றால், ஆலைப் பக்கம் திரும்பும் முன் சாத்தூர் நாலுவழிச் சாலையில் இருபது நிமிஷம் ஓட்டி முடித்துவிட்டு வரலாம். காட்டாத வண்டியில் டிரைவர் என்ன செய்வார்?

ரிவ்யூ எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு அழைப்பு. ஐப்பசியில் வாங்க, வெம்பக்கோட்டை பக்கம் நாலு கிலோமீட்டர் பாதை நான் காட்டுகிறேன். லோடு ஏற்றிக்கொண்டு, கம்பெனி டயரோடு. டிராக்டருக்கும் சொல்லி வைக்கிறேன்.